விண்வெளி கேம்களில் வரும் ‘ஒளிப் பக்கம், இருள் பக்கம்’ என்றால் என்ன?

நாம் எடுக்கும் முடிவுகள் நல்லவையா கெட்டவையா என்று கேம் வைத்திருக்கும் கணக்குதான் அது. 2003-இல் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய ‘ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்’ இதற்கு நல்ல உதாரணம். அதில் வரும் ஜெடாய் வீரர்களிடம் இடைக்கால ஐரோப்பிய நைட்டுகளின் சாயல் உண்டு: கையில் வாள், குருவிடம் பயிற்சி, எளியவரைக் காப்போம் என்ற உறுதி.

இந்த அறத்தை வெறும் வசனமாகக் கேட்டால் மனதில் தங்காது. ஏதாவது விலை கொடுக்க வேண்டியிருந்தால்தான் உறைக்கும். அதற்காகத்தான் இந்தக் கணக்கு. மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி, அன்றன்றைக்கு எழுதுவது சில்லறைதான். மாதக் கடைசியில் பெரிய தொகையாக வந்து நிற்கும். இருள் பக்கம் அதிகம் சாய்ந்தால் நம் கதாபாத்திரத்தின் முகமே வெளிறிப்போகும், குணமாக்கும் சக்திக்குக் கூடுதல் ஆற்றல் செலவாகும்.

2004-இல் அப்சிடியன் உருவாக்கிய இரண்டாம் பாகம் இன்னும் ஆழமாகப் போகிறது. எனக்கு அதுதான் பிடிக்கும். நார் ஷடா என்ற இடத்தில் ஒருவர் பிச்சை கேட்பார். காசு கொடுத்தால், அதற்காகவே அவரை இன்னொருவன் அடித்துப் போடுவதை கிரேயா என்ற மூதாட்டி நமக்குக் காட்டுவார். சரி, விரட்டிவிட்டால்? அவரே போய் வேறொருவரைத் தாக்குவார்.

ஒளிப் பக்கம் என்றால் சண்டையே போடக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, இரண்டு வழியிலும் வாளெடுத்தே ஆக வேண்டும். தோற்றவரை விட்டுவிடுகிறோமா, இல்லாதவரிடம் பிடுங்குகிறோமா என்பது போன்ற இடங்களில்தான் புள்ளி ஏறி இறங்கும்.