தலைவர் போனால் குழுவும் போகுமா? – கடிதம்

வணக்கம் அண்ணா,

நான் மட்டக்களப்பில் பட்டிப்பளைப் பக்கம். எங்கள் ஊர்ச் சுகாதாரக் குழுவின் பொருளாளர். டெங்குச் சிரமதானம், கிளினிக்குக்கு வேலி, தாய்மார் கூட்டம் என்று எல்லாம் நல்லாய்த்தான் நடந்தது. மிட்வைஃப் அக்கா இடமாற்றத்தில் போன பிறகு கூட்டத்துக்கு ஐந்தாறு பேர் வந்தாலே பெரிய விசயம். தலைவர் அண்ணனும் தை மாதம் கழிய கட்டாருக்குப் போகிறார். அவரைப் போல ஒருவரை எங்கே தேடுவது? என்னைத் தலைவராக இருக்கச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

அவரைப் போல ஒருவரைத் தேடாதீர்கள். கிடைத்தாலும் அவரும் நாலு வருசத்தில் எங்கேயாவது போவார், நீங்கள் திரும்பவும் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

மிட்வைஃப் அக்கா போனதும் கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்கிற வேலை நின்றதா? நின்றிருக்காது. அடுத்து வந்தவர் பதிவேட்டைத் திறந்தால் எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி பாக்கி என்று தெரிந்துவிடும். 1926 இல் களுத்துறையில் இலங்கையின் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கிய நாளிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், போனார்கள், பிரிவும் பதிவேடும் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. உங்கள் குழுவிடம் அப்படி என்ன இருக்கிறது? நான் பார்த்த குழுக்களில் பெரும்பாலும் தலைவரின் போன்தான். வாட்ஸ்அப் அட்மின் அவர், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் நம்பர் அவரிடம், பிரதேச செயலகத்துக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி அவருடைய மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில்.

இன்னொன்று, கொஞ்சம் கசக்கும். கூட்டத்துக்கு அழைத்ததும் குறிப்பு எழுதியதும் மிட்வைஃப் அக்காதான் என்றால் அது ஊரின் குழுவாக இருக்கவில்லை, அவருடைய வேலைகளில் ஒன்றாக இருந்திருக்கிறது. புதியவரை அழையுங்கள், பக்கத்தில் இருத்துங்கள், ஆனால் கூட்டக் குறிப்புக் கொப்பியை அவர் கையில் கொடுக்காதீர்கள், அதை ஊர்க்காரர் ஒருவர்தான் எழுத வேண்டும். அடுத்த இடமாற்றம் தெரிய வந்ததும் போகிறவரும் வருகிறவரும் குழுவில் இரண்டு பேரும் ஒருநாள் சேர்ந்து கிளினிக்கில் இருக்க முடியுமா என்று சுகாதார வைத்திய அதிகாரியிடம் நேரிலேயே கேட்டுப் பாருங்கள்.

நம் கோயில்களைப் பாருங்கள். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் மாறுவார், ஆனால் திருவிழாவில் இன்ன நாள் இன்ன குடிக்கு, அதாவது இன்ன தாய்வழிக் குலத்துக்கு, என்பது மாறாது, அந்த நாளை யாரும் தவறவிடுவதும் இல்லை. டெங்கை ஒருவர், கிளினிக் நாளை ஒருவர், நீரிழிவுக்காரரை ஒருவர் என்று வேலைகளைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் பழகுவதற்கு ஒரு இளையவரை விடுங்கள். (கோயிலில் பெண்களை எங்கே நிறுத்துகிறோம் என்பதை மட்டும் அங்கிருந்து எடுத்து வரவேண்டாம். உங்கள் குழுவின் பாதி வேலையைச் செய்வது தாய்மார்தான், நிர்வாக சபையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.)

ஆட்கள் வராததற்குக் காரணம் அக்கறையின்மை மட்டும்தானா என்றும் பாருங்கள். பெரும்போக நெல் விதைப்பிலும் அறுவடையிலும், வாவிக்கு மேற்கே உங்கள் படுவான்கரையில் யார் கூட்டத்துக்கு வருவார்? டெங்குக் கூட்டத்தை மாரி தொடங்கிய பிறகு வைத்துப் பயனில்லை, முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். புரட்டாசியிலேயே கூடிப் பிரித்துக்கொண்டால் மழைக்குள் ஆள் தேட வேண்டியதில்லை. படிக்காசு கொடுத்து ஆள் சேர்க்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் அப்படி முளைத்த குழுக்களில் எத்தனையோ, திட்டம் முடிந்த அடுத்த மாதமே பெயர்ப்பலகையோடு நின்றுபோயின.

சரி, உங்கள் விசயம். தலைவராக இருங்கள். ஆனால் பொருளாளர் வேலையையும் சேர்த்துச் சுமக்காதீர்கள், அதைப் பொதுக்கூட்டத்திலேயே வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டு வருசம்தான் இருப்பேன் என்று அன்றைக்கே சொல்லுங்கள், அடுத்தவர் யார் என்ற பேச்சும் அன்றைக்கே தொடங்கட்டும். அப்புறம், அண்ணன் பயணம் போவதற்கு முன் வங்கிக் கணக்கில் கையொப்பக்காரரை மாற்றுகிற தீர்மானத்தைக் குறிப்பில் எழுதி, அவரையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய் வாருங்கள். அவர் கட்டாரில் இருந்தபடி கையொப்பம் வைக்க முடியாது.