அளவுக்கு மீறியது எது?

கேள்வி: என் மனைவி கல்யாணத்துக்கு முன்பிருந்தே காதல் நாவல் படிப்பவர். இப்போது தினமும் செல்போனில் தொடர்கதை. கதையில் வரும் கணவன் மாதிரி நான் இல்லை என்று குறைப்படுகிறார். பெண்களுக்கு அளவுக்கு மீறிய எதிர்பார்ப்பை உண்டாக்கும் இந்த நாவல்களை நீங்களாவது தட்டிக்கேட்கக் கூடாதா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அளவுக்கு மீறிய என்கிறீர்கள். எந்த அளவு, அதை யார் வைத்தது? உங்கள் மனைவி என்ன கேட்டார் என்று நீங்கள் எழுதவே இல்லையே.

குடும்ப நாவலின் நாயகனுக்குப் பங்களா இருக்கும், வெளிநாட்டுக் கார் இருக்கும், ஆளும் ஆறடி இருப்பான். இதையெல்லாம் வீட்டில் எதிர்பார்க்கும் வாசகியை நான் சந்தித்ததில்லை. பங்களா கதைக்கானது என்று அவர்களுக்குத் தெரியும். மனதில் தங்குவது வேறு. அவளுக்குத் தலைவலி என்றால் அவன் கவனிக்கிறான். அவள் பேசினால் காதுகொடுத்துக் கேட்கிறான். தப்பு செய்தால், கடைசி அத்தியாயத்திலாவது, வாய் திறந்து மன்னிப்புக் கேட்கிறான். இதில் எது அளவுக்கு மீறியது, சொல்லுங்கள்.

ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர், ஓர் ஊரின் காதல் நாவல் வாசகிகளிடம் பேசி 1984இல் புத்தகம் வெளியிட்டார். பெரும்பாலும் கல்யாணமாகி, பிள்ளை வளர்ப்பவர்கள். படிக்கும் நேரம்தான் தங்களுக்கே தங்களுக்கான நேரம் என்றார்கள். நாளெல்லாம் பிறரைக் கவனித்துக்கொள்பவர்கள், ஒருத்தி கவனிக்கப்படுவதைக் கதையிலாவது அனுபவிக்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்த செல்போன் எந்த நேரத்தில் திறக்கிறது என்று பாருங்கள்.

சரி, தட்டிக்கேட்கிறேன். என் புகார் வேறு. இந்தக் கதைகளில் பல, பெண்ணை மிகக் குறைவாக எதிர்பார்க்கப் பழக்குகின்றன. ‘ஆன்ட்டி ஹீரோ’ கதை என்று தனி வகையே ஓடுகிறது. பழிவாங்குவதற்காகத் தாலி கட்டுவான், அறைவான், வீட்டுக்குள் பூட்டிவைப்பான். கடைசியில் அவனுடைய சின்ன வயதுக் காயம் தெரியவரும், அவள் உருகிவிடுவாள். விழுந்த அடியெல்லாம் அன்புக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆணின் முரட்டுத்தனத்துக்குள் அன்பு ஒளிந்திருக்கிறது என்று வாசிக்கக் கற்றுக்கொடுக்கிற வேலையைக் காதல் நாவல்கள் செய்கின்றன என்று ராட்வேயும் சொன்னார். இதைப் படித்துவிட்டு, முதல் அறை விழுந்த வீட்டில் நூறாவது அத்தியாயத்துக்காகக் காத்திருக்கும் பெண்ணை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

அப்புறம், சொல்லாமலே புரிந்துகொள்வது. நூற்றைம்பது பக்கம் நீளும் மனத்தாங்கல், ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இருபதாம் பக்கத்தில் தீர்ந்திருக்கும். தம்பதிகளைப் படுத்தும் தவறான நம்பிக்கைகளை அளக்க ஐடல்சன், எப்ஸ்டீன் என்ற உளவியலாளர்கள் 1982இல் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். சொல்லாமலே என் மனசு தெரிய வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆனால் இந்த வியாதி நாவலால் மட்டும் வருவதா? கேட்காமலே காபி வர வேண்டும் என்று உட்கார்ந்திருக்கும் ஆண்கள் எந்த நாவலைப் படித்தார்கள்?

நாங்கள் சினிமா பார்த்து வளர்ந்தோம். வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னால் இடைவேளை வரை அலைந்தவனுக்கு, இடைவேளைக்குப் பிறகு அவள் கிடைத்தாள், நாங்கள் விசிலடித்தோம். அந்தப் படங்கள் ஆண்களின் எதிர்பார்ப்பை என்ன செய்தன என்று கேட்டு இந்தப் பக்கத்துக்கு எந்தக் கணவரும் எழுதியதில்லை. படித்துக் கெட்டுப்போகிறவள் பெண் மட்டும்தான் என்ற பேச்சை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

என் பழைய சண்டை விமர்சகர்களோடு. ரமணிசந்திரன் நாவல் வேண்டுமென்று லெண்டிங் லைப்ரரிகளில் சொல்லிவைத்துப் பெண்கள் காத்திருந்த காலம் உண்டு. அத்தனை பேர் படித்த எழுத்தைக் குப்பை என்று ஒரே வார்த்தையில் அந்த விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். அதனால் எது பெண்ணை மதிக்கிற கதை, எது அடியை நியாயப்படுத்தும் கதை என்று பிரித்துச் சொல்ல ஆளே இல்லாமல் போனது. கதை மாறினால் மனமும் மாறும். 2000இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், காதல் நாவல் அதிகம் படித்த மாணவிகளுக்கு ஆணுறை மேல் நல்ல எண்ணம் குறைவாக இருந்தது. காதல் கதைக்குள்ளேயே பாதுகாப்பான உறவைச் சேர்த்துக் கொடுத்தபோது அந்த எண்ணம் மேம்பட்டது. எழுதுகிறவர்களிடம் இதை யாராவது எடுத்துச்சொல்ல வேண்டாமா?

அடுத்த இதழிலிருந்து குடும்ப நாவல் மதிப்புரைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். படிக்கிறவர்களே எழுதலாம். முதல் மதிப்புரையை உங்கள் மனைவி அனுப்பினால், ஒரு வரிகூட வெட்டாமல் போடுகிறேன்.