உடைந்த படித்துறை யார் பொறுப்பு?

கேள்வி: எங்கள் ஊர் திருச்சி மாவட்டத்தில் காவிரிக் கரையில் இருக்கும் சிற்றூராட்சி. படித்துறையின் கீழ்ப்படிகள் பெயர்ந்து, கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஊராட்சியில் கேட்டால் ‘அது பி.டபிள்யூ.டி.’ என்கிறார்கள். அங்கே போனால் ‘ஊராட்சியில் கேளுங்கள்’ என்கிறார்கள். ஊரில் வசூல் செய்து நாங்களே கட்டிவிடலாமா?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு, அதுதான் சிக்கல். ஆறும் கரையும் நீர்வளத் துறையின் பொறுப்பு. பொதுப்பணித் துறையிலிருந்து 2021-இல் பிரிந்து தனித் துறையான பிறகும் ஊர்ப் பேச்சில் அது பி.டபிள்யூ.டி.தான். ஆனால் அந்த இடத்தில் படியைக் கட்டியது வேறு யாராகவும் இருக்கலாம். எம்.எல்.ஏ. நிதியில் ஊராட்சி ஒன்றியம் கட்டியிருக்கலாம், கோயில் கட்டியிருக்கலாம். கோயில் படித்துறை என்றால் அறநிலையத் துறையும் உள்ளே வரும்.

ஆகவே மனு எழுதும் முன் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். அவரிடம் உள்ள அ-பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) அந்தப் புல எண் (சர்வே எண்) எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் படித்துறையில் கல்வெட்டோ திட்டப் பலகையோ இருந்தால் ஒரு போட்டோ. எந்த ஆண்டு, எந்த நிதி என்று அதில் இருக்கும். பாசி பிடித்த பலகையைத் தேய்த்துப் பார்த்தே பாதி வழக்குகள் தீர்ந்துவிடும்.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. (பேரூராட்சியாக இருந்தால் கிராம சபை கிடையாது, செயல் அலுவலரிடம் கொடுத்து மன்றத்தில் வைக்கச் சொல்ல வேண்டும்.) இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ‘படித்துறையைச் சீரமைக்க வேண்டும்’ என்று மட்டும் தீர்மானம் எழுதினால், அது தீர்மானப் புத்தகத்தில் தூங்கும். யார் செய்ய வேண்டும் என்பதே அதில் இல்லையே! ‘புல எண் இன்னதில் உள்ள படித்துறையில் கீழ்ப்பக்கம் இத்தனை படிகள் சேதமடைந்துள்ளன. சீரமைக்க மதிப்பீடு தயாரிக்குமாறு நீர்வளத் துறையைக் கேட்டுக்கொள்வது, அத்துறை செய்ய இயலாவிட்டால் ஒன்றியம் செய்யத் தடையின்மைச் சான்று கோருவது’ என்று எழுதச் சொல்லுங்கள். அந்தக் கடைசி வரி முக்கியம். ஆற்றுக்குள் வேறு துறை வேலை செய்ய அந்தச் சான்று வேண்டும், பெரும்பாலான கோப்புகள் நிற்பதும் அங்கேதான். ஊராட்சியின் பதவிக்காலம் முடிந்து தலைவர் இல்லாவிட்டாலும் கவலையில்லை, தனி அலுவலர் பொறுப்பில் சபை நடக்கும்.

தீர்மான நகலோடு நீர்வளத் துறை உதவிப் பொறியாளருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் தனித்தனியாக மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். ஆனால் அங்கே கொடுப்பதும் இதே மேசைக்குத்தான் வந்து சேரும். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு. ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள், ‘இன்ன தேதியிட்ட என் மனு மீது எடுத்த நடவடிக்கையின் நகல் தருக’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

காலமும் முக்கியம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். ஆற்றில் கான்கிரீட் வேலை நடக்கும் காலம் பிப்ரவரி முதல் மே வரைதான். ஆடிப்பெருக்குக்கு முன் முடிய வேண்டும் என்று ஆடியில் மனுக் கொடுத்தால் பொறியாளர் தண்ணீரைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். முந்தைய அக்டோபர், நவம்பர் சபையிலேயே தீர்மானம் போட்டுவிட்டால்தான் மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி எல்லாம் கோடைக்குள் முடியும். அதுவரை நீட்டும் கம்பியை வளைத்து, எச்சரிக்கைப் பலகை வைக்க ஊராட்சியிடம் இப்போதே கேளுங்கள். கருமாதிக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு எந்தப் படி ஆடும் என்று தெரியாது.

சரி, நீங்களே கட்டலாமா? அனுமதியில்லாமல் கூடாது. நல்ல எண்ணத்தில் போட்ட கான்கிரீட்டும் ஆற்றுப் புறம்போக்கில் ஆக்கிரமிப்புதான், ஒருவர் சறுக்கி விழுந்தால் வசூல் செய்தவர் பெயர்தான் முதலில் வரும். அந்தப் பணத்தை ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுமக்கள் பங்காகக் கட்ட முடியுமா என்று வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேளுங்கள். மீதியை அரசு போடும், வேலைக்கு ஒரு பொறியாளரின் கையெழுத்தும் இருக்கும்.