ஃபெராரியின் வியூகத்தை ரசிகர்கள் குறை சொல்வது நியாயமா?

அணியிடம் இருக்கும் தரவில் நூறில் ஒரு பங்குகூட நம்மிடம் இல்லையே, டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு ஃபெராரி கார் பந்தய அணியின் வியூகத்தை, அதாவது எந்தச் சுற்றில் எந்த டயருக்கு மாறுவது என்ற முடிவுகளை, திட்ட நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபார்முலா 1 ரசிகர்கள் கூடும் இடமெல்லாம் இந்தச் சண்டை நடக்கிறது.

தகுதி இருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். ஆனால் முடிவு எடுத்த அந்த நேரத்தில் என்ன தெரிந்திருந்ததோ, அதை மட்டும் வைத்துக் குறை சொல்ல வேண்டும். போட்டி முடிந்த பிறகு தெரிய வந்ததைக் கொண்டு திட்டுவது நியாயமில்லை.

2022 ஹங்கேரி போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 70 சுற்றுகள். ஃபெராரியின் லெக்லர்க், மெர்சிடஸ் அணியின் ரஸ்ஸலைத் தாண்டி முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். மீடியம் டயர் (வேகமான, ஆனால் சீக்கிரம் தேயும் சாஃப்டுக்கும், மெதுவான, ஆனால் நீண்ட நேரம் தாங்கும் ஹார்டுக்கும் இடைப்பட்டது) நன்றாக இருக்கிறது, முடிந்தவரை அதிலேயே ஓட விரும்புகிறேன் என்று அணிக்குத் தெளிவாகச் சொல்லியிருந்ததாகப் பின்னர் அவரே கூறினார். பின்னால் இருந்த ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பன் 38ஆம் சுற்றில், டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் போனார். அடுத்த சுற்றிலேயே ஃபெராரி லெக்லர்க்கை உள்ளே இழுத்து ஹார்ட் டயரை மாட்டி அனுப்பியது. அன்று வானிலை குளிர்ச்சி, குளிரில் ஹார்ட் டயர் சூடேறிப் பிடிமானம் பெறுவது கடினம். அதற்கு முன்பே ஆல்பைன் அணியின் இரண்டு கார்களும் ஹார்ட் டயரில் திணறியதை எல்லோரும் பார்த்திருந்தோம். ரெட் புல்லோ, ஹார்ட் டயரில் தொடங்கும் திட்டத்தையே போட்டிக்குச் சற்று முன் கைவிட்டு சாஃப்டுக்கு மாறியிருந்தது. பத்தாவது இடத்தில் கிளம்பிய வெர்ஸ்டாப்பன் வென்றார், லெக்லர்க் ஆறாவது.

இங்கே ரகசியத் தரவு எதுவும் தேவைப்படவில்லை. ஹார்ட் டயர் வேலை செய்யவில்லை என்பது டிவியிலேயே தெரிந்தது. ஏற்கெனவே இரண்டு முறை மீடியம் போட்டுவிட்டதால், விதிப்படி வேறொரு வகை டயர் கட்டாயம். சாஃப்டில் 31 சுற்று தாங்காது என்ற கணக்கும் புரிகிறது. அப்படியென்றால் மீடியத்திலேயே இன்னும் பதினைந்து சுற்று ஓட்டிவிட்டு சாஃப்டுக்கு மாறியிருக்கலாமே! வெர்ஸ்டாப்பன் முன்னால் போயிருப்பார், உண்மைதான். ஆனால் கடைசியில் புது சாஃப்டோடு அவரைத் துரத்தவாவது முடிந்திருக்கும். வியூகத்தைவிட கார்தான் எதிர்பார்த்தபடி ஓடவில்லை என்று அன்றைய அணித் தலைவர் பினோட்டோ சொன்ன விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே வருடம் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் நடந்த போட்டி விஷயத்தில் நான் கூட்டத்தோடு சேர மாட்டேன். கடைசிக் கட்டத்தில் சேஃப்டி கார் (ஆபத்து நேரத்தில் எல்லாக் கார்களையும் மெதுவாக வரிசையில் ஓட வைக்கும் கார்) வந்தது. ஃபெராரியின் இன்னொரு ஓட்டுநரான சைன்ஸுக்குப் புது சாஃப்ட் கிடைத்தது, முதலிடத்தில் இருந்த லெக்லர்க் பழைய ஹார்டிலேயே விடப்பட்டார். சைன்ஸ் தன் முதல் வெற்றியைப் பெற்றார், லெக்லர்க் நான்காவது. இரண்டு கார்களும் நெருக்கமாக வந்ததால், இரண்டையும் உள்ளே அழைத்தால் பின்னால் நிற்பவர் இடம் இழப்பார். ஒருவரை மட்டும் அழைப்பதென்றால் அது லெக்லர்க்காக இருந்திருக்க வேண்டும் என்பது நியாயமான வாதம், சாம்பியன்ஷிப் போட்டியில் இருந்தவர் அவர்தான். ஆனால் முன்னால் இருப்பவர் எதைச் செய்தாலும் பின்னால் வருபவர்கள் அதற்கு நேர்மாறாகச் செய்வார்கள் என்ற பயமும் அசட்டுத்தனமானது அல்ல. அதை முட்டாள்தனம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது.

எனக்கு அதிகக் கவலை தருவது, எதிராளியின் நிழலைத் துரத்தும் பழக்கம். 2010 அபுதாபியில், அப்போது ஃபெராரியில் இருந்த அலோன்சோ 8 புள்ளி முன்னிலையோடு கடைசிப் போட்டிக்கு வந்தார். பட்டத்துக்குப் போட்டியிட்ட ரெட் புல்லின் வெப்பர் சீக்கிரமே பிட்டுக்குள் போனதும், அவரைத் தடுக்கவென்று 15ஆம் சுற்றில் அலோன்சோவை உள்ளே அழைத்தார்கள். வெளியே வந்தவர் ரெனோ அணியின் பெட்ரோவுக்குப் பின்னால் சிக்கி, மீதி 40 சுற்றும் தாண்ட முடியாமல் ஏழாவதாக முடித்தார். முன்னால் நிம்மதியாக ஓடிய, ரெட் புல்லின் இன்னொரு ஓட்டுநரான வெட்டல் நான்கு புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தைத் தட்டிச் சென்றார். ஹங்கேரியிலும் இதே பதற்றம்தான். அப்புறம், அபுதாபிக்காக கிறிஸ் டையர் என்ற ஒரே பொறியாளரை மாற்றினார்கள். முடிவெடுக்கும் முறையில் இருக்கும் கோளாறை ஒரு மனிதரின் தலையில் கட்டுவது தவறு. சமூக ஊடகங்களில் ஆட்களைப் பெயர் சொல்லி வசைபாடும் ரசிகர்களும் இதையேதான் செய்கிறார்கள். அதை விமர்சனம் என்று என்னால் சொல்ல முடியாது.

2024இல் இத்தாலியின் மான்சாவில் நடந்த போட்டியையும் சேர்த்துப் பாருங்கள். எதிரணியான மெக்லாரன் இரண்டு முறை பிட்டுக்குள் போனது. ஃபெராரி லெக்லர்க்கை ஒரே நிறுத்தத்தோடு கடைசி வரை ஓட்ட வைத்தது, அவர் வென்றார். அதே திட்டத்தில் ஓடிய சைன்ஸ் நான்காவது. லெக்லர்க்கின் டயர் கடைசியில் கைவிட்டு அவரும் பின்தங்கியிருந்தால்? அப்போதும் அதைச் சரியான முடிவு என்றே வாதாடியிருப்பேன். வேகத்தில் மேலே இருந்த மெக்லாரன்களைப் பார்த்து அதே திட்டத்தில் ஓடியிருந்தால், ஃபெராரிக்கு வெல்ல வழியே இருந்திருக்காது.