லோக்கல் ரயில் நின்றபின் ஏறிய ஏழு கிலோ

செப்டம்பர் 2021

அன்புள்ள அக்காவுக்கு,

மும்பை செம்பூரில் இருந்து எழுதுகிறேன். எனக்கு 46 வயது. ஃபோர்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் அக்கவுண்ட்ஸ் வேலை. போன வருடம் மார்ச்சில் இருந்து வீட்டில் உட்கார்ந்துதான் பார்க்கிறேன். ஒன் பிஎச்கே வீடு. கணவர், பத்தாவது படிக்கும் மகன், மாமியார், நான். ஹாலில் அவருக்கு மீட்டிங், பெட்ரூமில் மகனுக்கு ஆன்லைன் கிளாஸ், எனக்கு டைனிங் டேபிள்.

முதல் லாக்டவுனில் யூடியூப் பார்த்து உடற்பயிற்சி ஆரம்பித்தேன். காலையில் குக்கரை வைத்துவிட்டு, சோபாவைத் தள்ளிப்போட்டு இருபது நிமிடம் குதிப்பேன். நடுவில் பால் வரும், மாமியாருக்குக் காபி கொடுக்க வேண்டும். சத்தமாக இருக்கிறது என்று கீழ்வீட்டில் இருந்து சொல்லி அனுப்பினார்கள். அப்புறம் வலது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. விட்டுவிட்டேன். என் கணவர் அதே வீடியோவை ராத்திரி பெட்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். நான்கு கிலோ குறைந்துவிட்டார். நான் 61 கிலோவில் இருந்து 68-க்கு வந்து நிற்கிறேன். ராத்திரி ஒரு சப்பாத்தியோடு நிறுத்திக்கொண்டும் முள் அசையவில்லை. ஆறு மாதமாக மாதவிலக்கும் ஒழுங்காக வருவதில்லை. போன வாரம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் பட்டுப்புடவையை எடுத்தேன், ரவிக்கைக்குள் கை நுழையவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

வயதானால் இப்படித்தானா? அல்லது என் சோம்பேறித்தனமா? அடுத்த மாதம் வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா?

எஸ்., செம்பூர்

*

அன்புள்ள எஸ்.,

சோம்பேறித்தனம் என்ற சொல்லை முதலில் எடுத்து வெளியே போடுங்கள். 2020 மார்ச்சுக்கு முன் உங்கள் நாள் எப்படி இருந்திருக்கும் என்று ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் போய்வந்த யாருக்கும் தெரியும். ஸ்டேஷன் வரை வேகநடை. மேம்பாலத்தில் ஏறி இறங்குவது. லேடீஸ் டப்பாவில் உட்கார இடம் கிடைக்காமல் குர்லா, வடாலா தாண்டி கடைசி ஸ்டேஷனான சி.எஸ்.எம்.டி. வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. இறங்கியதும் சுரங்கப்பாதைப் படிகள், அங்கிருந்து ஃபோர்ட்டுக்கு நடை. சாயங்காலம் இதே வழி, கூடவே ஒரு காய்கறிப் பை. இதையெல்லாம் உடற்பயிற்சி என்று நீங்கள் ஒருநாளும் கணக்கு வைத்திருக்க மாட்டீர்கள். உடம்பு கணக்கு வைத்தது. மார்ச் 22-ஆம் தேதி இரவோடு லோக்கல் நின்றபோது, தினமும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத நடையும் நிற்பதும் உங்களுக்கு ஒரேயடியாக நின்றுபோயின. அதற்கு மாற்றாக வந்தது சோபாவுக்கும் டைனிங் டேபிளுக்கும் நடுவில் இருபது நிமிடம்.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் இரட்டை மாடி பஸ்களில் வேலை பார்த்த ஓட்டுநர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். ஒரே கம்பெனி, ஒரே பஸ். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே டிக்கெட் கொடுப்பார், ஒரு நாளைக்கு 500 படிகளுக்கு மேல். மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது, வந்தாலும் கடுமை குறைந்திருந்தது. நம் மும்பை பெஸ்ட் நிறுவனத்தின் டபுள் டெக்கர் பஸ்ஸில் மேல்தட்டுக்கு ஏறி வந்து டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். மாரிஸ் அத்தோடு விடவில்லை. சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாக இருந்தது, அதுவும் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே. ஆகவே எல்லாப் பெருமையையும் மாடிப்படிக்கே கொடுத்துவிட முடியாது என்பதை அவரே எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் உட்கார்ந்தே கழியும் நாள் உடம்புக்குக் கெடுதல் என்பது அதற்குப் பிந்தைய ஆய்வுகளில் உறுதியாகிக்கொண்டேதான் வந்திருக்கிறது.

இனி வயது. நாற்பதைத் தாண்டினால் உடம்பு எரிக்கும் வேகம் குறைந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், டாக்டர்களும் சொல்கிறார்கள். சென்ற மாதம்தான் சயன்ஸ் இதழில் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். 29 நாடுகளில் இருந்து 6,400-க்கும் மேற்பட்டவர்கள், பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயதுக் கிழவர் வரை. உடலளவையும் தசையளவையும் கணக்கில் கொண்டு பார்த்தால் 20 வயதில் இருந்து 60 வரை நாம் செலவழிக்கும் சக்தி ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஆண் பெண் வித்தியாசம் இல்லை, மாதவிலக்கு நிற்கும் காலத்திலும் சரிவு இல்லை. 60-க்குப் பிறகுதான் மெல்லக் குறைகிறது.

அப்படியானால் உங்களுக்கு நடந்தது என்ன? தசையளவையும் கணக்கில் கொண்டு என்று எழுதினேனே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் மாதவிலக்கு நிற்கும் பருவத்துப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஸ்வான் என்ற ஆய்வு உண்டு. கடைசி மாதவிலக்குக்குச் சுமார் இரண்டு ஆண்டு முன்பே கொழுப்பு சேரும் வேகம் இரண்டு மடங்காகிவிடுகிறது, தசை குறையத் தொடங்குகிறது. கடைசி மாதவிலக்குக்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் இது நிதானப்படுகிறது. கொழுப்பு ஏறத் தசை இறங்குவதால் எடை மெஷினில் இந்த மாற்றம் முழுதாகத் தெரிவதில்லை. அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்தது இப்போது வயிற்றில் சேர்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது மேலைநாட்டுப் பெண்களைவிட நான்கைந்து வருடம் முன்னதாக, 46, 47 வயதை ஒட்டி. நீங்கள் சரியாக அந்த நேரத்தில்தான் ஒன்றரை வருடம் வீட்டுக்குள் அடைபட்டீர்கள். இரண்டும் ஒன்றாக வந்தது உங்கள் குற்றம் இல்லை.

நம்மவர்களுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. புனேயில் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டன் நண்பர் டாக்டர் யட்கினுடன் நிற்கும் படம் ஒன்று 2004-ல் லான்செட்டில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, ஒன்றுதான், 22.3. உடலில் கொழுப்பு மட்டும் யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்தியருக்குள்ளும் கொழுப்பு அதிகம், தசை குறைவு என்பதைக் காட்டத்தான் அந்தப் படம். அதனால் கிலோவையே பார்த்துக்கொண்டிருக்காமல் ஒரு டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளவெடுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, அதைத் தாண்டினால் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் ஆபத்து கூடும். மாதம் ஒரு முறை அளந்தால் போதும்.

ராத்திரி ஒற்றைச் சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்வதை இன்றைக்கே விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தசை கரையும் வயதில் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும், மறுபடி சாப்பிட ஆரம்பித்ததும் கொழுப்பு திரும்பி வரும். தசை அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 50 கிராமாவது புரதம் வேண்டும். நம் வீட்டு சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம் எல்லாம் சேர்ந்தும் அதில் பாதிக்குத் தட்டுத் தடுமாறும். ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 கிராம் போல இருக்கிறது, ஒரு முட்டையில் 6. கெட்டிப் பருப்பு, தயிர், பனீர், முளைகட்டிய பயறு, சாப்பிடுகிறவர் என்றால் மீன், இவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். குறைக்க வேண்டியதைக் குறைக்கலாம், லாக்டவுனில் நம் எல்லோர் வீட்டிலும் நாலு மணிக்கு வந்து உட்கார்ந்துவிட்ட பஜ்ஜியையும் மகன் மிச்சம் வைப்பதையும்.

பயிற்சிக்கு வருகிறேன். குதிப்பது உங்களுக்குத் தேவையே இல்லை. பல மாதம் நடக்காமல் இருந்த கால், மொசைக் தரை, 60 கிலோவைத் தாண்டிய எடை, முழங்கால் வலித்ததில் வியப்பென்ன. கைப்பிடி இல்லாத நாற்காலியை எடுத்து, கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருங்கள், மெதுவாக, பத்து முறை. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு பத்து. சுவரில் கையூன்றித் தள்ளுங்கள். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். இரண்டு வாரத்தில் இது சுலபமாகிவிடும். சுலபமானதும் கூட்ட வேண்டும், ஐந்து கிலோ ஆட்டா பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழலாம். பாரம் கூடினால்தான் தசை வளரும். பாத்திரம் தேய்க்கும் பாயி வராத மாதங்களில் பெருக்கித் துடைத்துத் தேய்த்தோமே, அது போதாதா என்று நிறையப் பெண்கள் கேட்கிறார்கள். முதுகு ஒடிகிற வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் பக்கெட்டின் கனம் ஆறு மாதம் கழித்தும் அதேதான், உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் சொன்னது வாரம் 150 முதல் 300 நிமிடம் வேகநடை போன்ற உழைப்பு, அதோடு தசைக்கான பயிற்சி இரண்டு நாளாவது. அந்த இரண்டு நாளைத்தான் நம் பெண்கள் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை ரொம்ப நேரம் நிறுத்திய இடம் எடை இல்லை, கதவு. அவர் கதவைச் சாத்திக்கொண்டு செய்தார், நீங்கள் குக்கருக்கும் காபிக்கும் நடுவில் செய்தீர்கள். ஆண்களுக்குத் தசை அதிகம், வயிற்றுக் கொழுப்பு முதலில் கரையும், ஆகவே அதே வீடியோவில் அவர்களுக்கு வேகமாகக் குறைவது இயல்பு என்பதும் உண்மைதான். ஆனால் இடையில் யாரும் கூப்பிடாத அரை மணி நேரம் அவருக்குக் கிடைத்தது, உங்களுக்குக் கிடைக்கவில்லை. மும்பை ஒன் பிஎச்கேயில் பெண்ணுக்கு அறை கிடையாது, சரி. நேரமாவது இருக்க வேண்டும். வாரம் மூன்று காலை, ஆறில் இருந்து ஆறரை வரை பெட்ரூம் உங்களுடையது என்று சொல்லுங்கள். பாலை வாங்கி வைத்து அம்மாவுக்குக் காபி கலந்து கொடுக்க உங்கள் கணவருக்குத் தெரியும், தெரியாவிட்டால் ஒரே நாளில் கற்றுக்கொள்வார். கோபமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கேட்கிற தொனியில் சொல்லாதீர்கள், தெரிவிக்கிற தொனியில் சொல்லுங்கள்.

தொடங்குவதற்கு முன் ரத்தப் பரிசோதனை ஒன்று: தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின். தைராய்டு குறைந்தாலும் எடை ஏறும், மாதவிலக்கு தப்பும், அதை வயதின் மேல் போட்டுவிட்டுப் பல பெண்கள் வருடக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறார்கள். உதிரப்போக்கு அதிகமாக இருந்தாலோ நாள் கணக்கில் நீடித்தாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்குக் கொரோனா வந்து போனதா என்று எழுதவில்லை. வந்திருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள்.

அடுத்த மாதம் ஆபீஸ் என்பது உங்களுக்கு நல்ல செய்திதான். கொரோனா தடுப்பூசி இரண்டு டோஸ் போட்டு 14 நாள் ஆனவர்களுக்கு 2021 ஆகஸ்ட் 15-ல் இருந்து லோக்கலில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். இப்போதே டயமண்ட் கார்டன் பக்கம் மாலையில் அரை மணி நேரம் நடந்து காலைப் பழக்கிவைத்தால் முதல் நாளே மேம்பாலம் மிரட்டாது. முழங்கால் வலி இருக்கும்வரை ஏறுவதற்குப் படி, இறங்குவதற்கு லிப்ட் இருந்தால் லிப்ட். இறங்கும்போதுதான் மூட்டில் பாரம் அதிகம். சேடா நகர் முருகன் கோயில் திறந்ததும் அந்த 108 படிகளையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை, வலி போகட்டும்.

மூன்று மாதத்தில் எடை இரண்டு கிலோ குறையலாம், குறையாமலும் இருக்கலாம். நடையில் செலவாகும் கலோரி நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஆனால் படியேறினால் மூச்சு வாங்குவது குறையும், டேப்பில் ஓரிரு சென்டிமீட்டர் இறங்கும், தூக்கம் நன்றாக வரும். ரவிக்கையைப் பிரித்துத் தையல் விட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், அதற்காக அழ வேண்டாம்.

உங்கள் மாமியாரையும் நாற்காலிப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுமாறாமல் நிற்கும் பயிற்சி வாரம் மூன்று நாள் வேண்டும் என்கிறது அதே உலக சுகாதார நிறுவனம். அவரும் ஒன்றரை வருடமாக வெளியே இறங்கியிருக்க மாட்டார். சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் பத்து விநாடி, நீங்கள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். தைராய்டு ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா