அறையில் இரத்தக்கறை என்றால் கொலையா?

காணாமல்போன மாணவியின் அறையில் இரத்தம் ஒளிர்ந்ததாம், அப்போ கொலைதானே என்று கேட்கிறீர்கள். வெள்ளவத்தை பஸ்ஸிலும் இதே பேச்சுத்தான். தயவுசெய்து அவசரப்படாதீர்கள், அந்தத் தாயின் போனுக்கும் இந்தக் கதை போய்ச் சேரும்.

லூமினோல் என்ற இரசாயனத்தைத் தெளித்தால் இரத்தம் பட்ட இடம் நீலமாக ஒளிரும். சரி, ஆனால் ப்ளீச் ஊற்றிக் கழுவிய தரையும் ஒளிரும், செம்பு பட்ட இடமும் ஒளிரும். ஆகவே அது முதற்சோதனை மட்டுமே. மனித இரத்தம்தானா என்று தனியாகப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் டிஎன்ஏ. பெற்றோரின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து ஒப்பிடுவார்கள். பிள்ளையின் டிஎன்ஏவில் பாதி அம்மாவிடமிருந்தும் பாதி அப்பாவிடமிருந்தும் வந்திருக்கும். பொருந்தினாலும் அது அவர்களுடைய பிள்ளையின் இரத்தம் என்றுதான் தெரியும். விரலை வெட்டிக்கொண்டு சிந்தியதா, வேறு ஏதாவதா என்பதை டிஎன்ஏ சொல்லாது.