எலி தலையைத் திருப்பினால் இரத்த ஓட்டம் ஏறுகிறதா?

வணக்கம். எலியின் தலையில் பொருத்திய லேசர் ஸ்பெக்கிள் சென்சார், அது தலையைத் திருப்பும்போதெல்லாம் மூளை இரத்த ஓட்டம் உயர்வதாகக் காட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அது இரத்தம் இல்லை, அசைவுதான்.

லேசர் திசுவில் பட்டுத் திரும்பும்போது பொட்டுப் பொட்டாக ஒரு கோலம் விழும். சிவப்பணுக்கள் ஓட ஓட அது கலங்கும். கலங்கல் கூடினால் ஓட்டம் கூடியதாகக் கணக்கு. லேசர் ஒளியைக் கொண்டுவரும் கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழை (ஃபைபர்) வளைந்தாலும் அதே கலங்கல்தான், சென்சாருக்கு வித்தியாசம் தெரியாது.

முதலில் எலி இல்லாமலே சோதித்துப் பாருங்கள். சென்சாரை வெள்ளை டெஃப்லான் துண்டில் ஒட்டி, கேபிளை மட்டும் விரலால் மெல்ல ஆட்டுங்கள். திரையில் ஓட்டத்தைக் காட்டும் கோடு எகிறினால் குற்றவாளி ஃபைபர்தான். அது சென்சாருக்குள் நுழையும் இடத்தை அசையாமல் பிணைத்துவிடுங்கள். எனக்கு அங்கேதான் பாதிக் கோளாறு தீர்ந்தது.

அப்புறம் நேரத்தைக் கவனியுங்கள். அசைவுக் கோளாறு தலை திரும்பும் அந்தக் கணத்திலேயே ஏறி இறங்கும். மூளை வேலை செய்வதால் கூடும் ஓட்டம் ஒன்றிரண்டு விநாடி பிந்தி, நிதானமாக ஏறும். மின்னணுப் பொருள் விற்கும் சிம் லிம் டவரில், அசைவை அளக்கும் சின்ன ஆக்சிலரோமீட்டர் ஒன்று வாங்கிச் சேர்த்தால் இரண்டையும் பிரிப்பது எளிது.

அறை விளக்கையும் மறக்காதீர்கள். நம் சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்கும். அந்த மினுங்கல் அளவில் கலக்காமல் இருக்க, சென்சாரைக் கறுப்புத் துணி போட்டு மூடிப் பாருங்கள்.

இவற்றால் எலி தலையில் சுமக்கும் எடை கூடினால் விலங்கு நலக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எலி தலையைச் சாய்த்தே வைத்திருந்தால் அன்றைய பதிவை நிறுத்திவிடுங்கள், பாவம்.